சுவருக்கு அந்தப் பக்கத் தாளம்

மழை விட்டிருந்த ஒரு காலையில் கணவனும் மனைவியுமாக அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். சாமான் ஏற்றி வந்த வண்டி சந்துக்குள் திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. கட்டிலையும் பீரோவையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுமந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது.

பழைய வீடு. ஒரு காலத்தில் ஒரே குடும்பம் இருந்த பெரிய வீட்டை யாரோ பாகம் பிரித்துக்கொண்டபோது, நடுக்கூடத்தில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். கோபத்தில் எழுப்பிய சுவர் என்று பார்த்தாலே தெரிந்தது. கூரையின் உத்தரம் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போனது. தரைக் கல்லின் கோடுகள்கூடச் சுவருக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போயின.

கணவன் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டான்.

"ஒத்தைச் செங்கல். இங்க நீ தும்மினா அங்கேருந்து 'நூறு'ன்னு சொல்லுவாங்க."

அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு பேக்கரிக்காரர். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு, ஊர் விழிக்கும் நேரத்தில் வீடு திரும்புகிறவர். புருவத்தில் மாவு ஒட்டியிருக்க, கையில் சூடு ஆறாத ஒரு ரொட்டியோடு அன்றே வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தனிக்கட்டை.

"நான் பகல்ல தூங்கற ஆளுங்க. வேற ஒண்ணும் தொந்தரவு இருக்காது என்னால," என்றார்.

தன்னால் தொந்தரவு இருக்காது என்று சொன்னதில், தனக்கும் தொந்தரவு வேண்டாம் என்பது அடங்கியிருந்தது. அது அவளுக்குப் புரிந்தது. ரொட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்கு வேலை, ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் ஷிஃப்ட் முடிகிறவரை குரல்கள். அழுகிற குரல், திட்டுகிற குரல், விலாசம் சொல்லத் தெரியாத குரல். "மூச்சு இருக்கா பாருங்க, நெஞ்சு ஏறி இறங்குதா பாருங்க" என்று ஒரே வாக்கியத்தை ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் கணவன் "சாப்டியா?" என்று கேட்பதுகூடக் காதில் குத்தும்.

ஆம்புலன்ஸ் ஷெட்டின் பின்னறையில் ஒரு இசைக்குழு இருந்தது. இசைக்குழு என்று அவர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். டிரைவர் ஒருவர் டிரம்ஸ் அடிப்பார். மருந்துக் கிடங்குப் பையன்கள் இருவர் கிடார். நர்ஸ் ஒருத்தி பாடுவாள். பேஸ் கிடார் மட்டும் ஆளில்லாமல் மூலையில் சாய்ந்திருந்தது. "கல்யாண வீட்டுல பந்தல்கால் மாதிரி மேடம் அது. யாரும் பாக்க மாட்டாங்க. எடுத்துட்டா எல்லாம் தலையில விழும்," என்று டிரைவர் சொல்லி, அவள் கையில் கொடுத்தார்.

கொடுத்த அன்றே அவளுக்குப் பிடித்துப்போனது. அதன் கனம் தோளை இழுத்தது. நான்கே கம்பிகள், ஒவ்வொன்றும் கொடிக்கயிறு மாதிரி. அடிக்கம்பியை இழுத்துவிட்டால் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் விலா எலும்புக்கு வந்தது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. காதால் கேட்கத் தேவையில்லாத ஒரு சத்தம். விரல் நுனிகள் கொப்பளித்து, உடைந்து, தோல் தடித்தன. காய்கறி நறுக்கும்போது எரிந்தால்கூட ஒரு சந்தோஷம். டும் டும் என்று எந்நேரமும் பலகையில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததால் குழுவில் அவள் பெயர் 'டும்மு' ஆனது.

ஒரே குறை, அவள் ஓடுவாள். பாட்டு பாதி போவதற்குள் தாளத்தை முந்திவிடுவாள். "டும்மு, எங்க ஓடறீங்க? பஸ்ஸா போயிடும்?" என்று டிரைவர் குச்சியை நீட்டுவார். "பேஸ் முன்னாடி போகக்கூடாது. கூட இருக்கணும்."

கூட இருப்பதற்காக வீட்டில் பழகினாள். ஷிஃப்ட் முடிந்து வந்து, பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் சாய்ந்து கிடக்கும்போது, சின்ன ஆம்ப்ளிஃபயரை அந்தச் சுவரோரம் வைத்து வாசிப்பாள். வேறு இடத்தில் பிளக் இல்லை.

சுவர் தட்டப்பட்டது.

முதல் நாள் இரண்டே தட்டு, மரியாதையாக. அவள் நிறுத்தினாள். மறுநாள் சத்தத்தைக் குறைத்து வாசித்தாள். மறுபடி தட்டல். குறைத்தும் பயனில்லை. மேல்கம்பியின் சத்தம் காற்றோடு போய்விடும், அடிக்கம்பியின் சத்தம் செங்கல்லுக்குள் இறங்கிவிடும். ஒருநாள் அவரே வாசலுக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. தலையணைக்குள்ள கேக்குது. ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு வாசிக்க முடியாதா?"

"நாள் முழுக்க அதைத்தாங்க மாட்டிக்கிட்டிருக்கேன். வீட்டுலயும் மாட்டணுமா?"

"நான் தூங்கணுமேம்மா."

"ஊர்ல எல்லாரும் முழிச்சிருக்கற நேரம் இது. ராத்திரி வாசிச்சா நீங்க கேக்கறது நியாயம்."

அவர் சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டார். திரும்பும்போது, "தட்டத்தான் செய்வேன்" என்று முனகினார்.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ.

"தாராளமா தட்டுங்க. தாளம்னு நெனச்சுக்கிட்டு வாசிச்சுட்டுப் போறேன்."

அப்புறம் ரொட்டி வரவில்லை. சந்தில் எதிர்ப்பட்டால் இருவரும் அவரவர் சாவியைத் தேடினார்கள்.

அப்படியிருக்க ஒருநாள் அழைப்பு மையத்தில் ஒரு குரல் அவள் காதிலேயே நின்றுபோனது. யாரோ ஒரு ஆள். மாடிப்படி என்று ஆரம்பித்தார், வார்த்தை முடியவில்லை. வண்டி போய்ச் சேர்ந்தும் பயனில்லை என்று தெரிந்தது. அவள் வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள், கதவைச் சாத்தினாள், கிடாரை எடுத்தாள். மனிதக் குரலே இல்லாத ஒரு மணி நேரம் வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

பழகிக்கொண்டிருந்தது மெதுவான ஒரு பாட்டு. குழுவில் அவள் எப்போதும் ஓடிக் கெடுக்கிற பாட்டு. நாலு அடி போவதற்குள் சுவர் தட்டப்பட்டது.

படபடவென்று, முன்னும் பின்னுமாக. கையால் தட்டுகிற சத்தம் இல்லை, ஏதோ கட்டையால்.

'தட்டட்டும்' என்று அவள் பல்லைக் கடித்தாள். சத்தம் கூட்டும் திருகைக் கொஞ்சம் திருப்பினாள்.

தட்டல் கொஞ்ச நேரம் குழம்பியது. பிறகு மெல்ல ஒழுங்காயிற்று. ஒரு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. அவள் வாசிப்பின் முதல் அடி விழுகிற இடத்திலேயே விழுந்தது. அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மனிதருக்குக் கோபம் ஆறிவிட்டதா? விளையாடுகிறாரா? அவளையறியாமல் சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

தட்டல் நிதானமாகப் போனது. அவளும் நிதானமாகப் போனாள். அது சற்றுத் தளர்ந்தது. அவளும் தளர்ந்தாள். முதல்முறையாக அவள் ஓடவில்லை. அடிக்கம்பியின் ஒவ்வொரு அதிர்வும் முழுதாக வாழ்ந்து முடிந்த பிறகே அடுத்ததை எடுத்தாள். ஜன்னலோரம் இருந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வட்டமிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கன்னத்தில் இறங்கிய கண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. 'இதுக்குத்தான் இத்தனை பழகினேன்' என்று தோன்றியது.

இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது.

நின்றது.

அவள் கடைசி அதிர்வைத் தானாக அடங்கும்வரை விட்டாள். பிறகு சுவரைப் பார்த்து, "தேங்க்ஸ்" என்றாள்.

கிடாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கும்போது, தரையோரத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. மெல்லிசாக, ஏதோ கை நழுவி விழுந்த மாதிரி.

"போதும் போதும், நாளைக்குப் பாக்கலாம்," என்றாள் சிரித்துக்கொண்டே.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். "பேக்கரிக்காரர் இன்னிக்குக் கூடவே தாளம் போட்டார்ங்க. நீங்க கேட்டிருக்கணும்." அவன் சிரித்து, "அப்ப சமாதானம்னு சொல்லு," என்றான்.

மறுநாள் போய் அவர் கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசலாம் என்று நினைத்தாள். தூங்குகிற மனிதரை எழுப்புவானேன் என்று விட்டுவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே போயிற்று.

அதற்கும் அடுத்த நாள், காலை ஷிஃப்டில் ஒரு அழைப்பு.

"எங்க பேக்கரியில வேலை பாக்கறவர் ஒருத்தர் மூணு நாளா வேலைக்கே வரலைங்க. போன் அணைஞ்சு கிடக்கு. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. நான் வாசல்லதான் நிக்கறேன். ஒரு மாதிரி வாடை வருதுங்க."

"பதறாதீங்க சார். விலாசம் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் விரல்கள் பழக்கத்தில் தெருப் பெயரை அடித்தன. சந்தின் பெயரை அடித்தன. கதவு எண்ணில் நின்றுவிட்டன.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி திரையில் எழுதியிருந்தது. யாராக இருந்தாலும் கேட்டாக வேண்டிய கேள்வி. அவள் குரல் அதையும் கேட்டது.

"பக்கத்து வீட்டுல விசாரிச்சீங்களா சார்?"

"பூட்டியிருக்குங்க. வேலைக்குப் போயிட்டாங்க போல."

கதவை உடைத்தவர் டிரம்ஸ் அடிக்கிற டிரைவர்தான். ஷெட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு அவளைத் தேடி வந்தார்.

"உங்க சுவத்தோரமாதான் கிடந்தார் டும்மு. பக்கவாதம்னு டாக்டர் சொல்றார். பேச்சுப் போயிருக்கும். ஒரு கை மட்டும் வேலை செஞ்சிருக்கு. மாவு உருட்டற கட்டை கையிலேயே இருந்துச்சு. சுவத்துல காரை பேந்திருக்கு."

"உடனே போயிட்டாரா?"

டிரைவர் தலையாட்டினார். "இல்லையாம். வெகு நேரம் இருந்திருக்கார். சீக்கிரம் யாராவது பாத்திருந்தா..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "நீங்க வேலையில இருந்திருப்பீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் பேக்கரிக்காரரின் தங்கை வந்து கதவைத் தட்டினாள். வெளியூரில் துணிக்கடையில் பில் போடுகிறவள். அண்ணனின் அதே புருவம்.

"உங்களை ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க வீட்டுல இருந்தீங்களா? ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

கூடத்து மூலையில் கிடார் நின்றிருந்தது. தங்கையின் கண் அதன்மேல் போய், திரும்பி வந்தது.

"இல்லைங்க," என்றாள் அவள். "ஒண்ணும் கேக்கலை."

தங்கை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

அன்று பிற்பகல் அது ஆரம்பித்தது.

வெளியே நல்ல வெயில். சந்தில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் வாசனை வந்தது. புளித்த மாவின் வாசனை, காற்றில்லாத அறையில் மூடிவைத்தது போல. அது ஜன்னல் வழியாக வரவில்லை. சுவரிலிருந்து கசிந்தது.

டம்ளரில் தண்ணீர் வட்டமிட்டது.

ஆம்ப்ளிஃபயர் அணைந்திருந்தது. கிடார் உறைக்குள் இருந்தது.

டக்.

அவள் மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

டக்.

படபடப்பு இல்லை. கோபம் இல்லை. அன்று அவள் கண்மூடி வாசித்த அதே நிதானம். எலியாக இருக்கும், குழாயாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவரருகே போனாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள்.

சூடாக இருந்தது. ரொட்டி அடுப்பின் பக்கச்சுவர் மாதிரி.

டக்.

சரியாக அவள் உள்ளங்கைக்கு நேரே.

தெருவுக்கு ஓடினாள். பேக்கரிக்காரர் கதவில் தங்கை போட்ட பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் இருட்டு. சைக்கிள்காரர், "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லை," என்றாள். உள்ளே வந்தபோதும் தட்டல் ஓயவில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அவள் வீடு திரும்பிக் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் தொடங்கும். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் ரேடியோவுக்கு அடியில் கேட்கும். காதைப் பொத்தினால் விலா எலும்பில் கேட்கும். எதற்கோ காத்திருக்கிற தட்டல். எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒருநாள் தாங்கமாட்டாமல் கிடாரை எடுத்தாள். அந்தப் பாட்டை ஆரம்பித்தாள். தட்டல் உடனே வந்து சேர்ந்துகொண்டது. முதல் அடிக்கு ஒரு தட்டு. அது தளர்ந்தது, அவள் தளர்ந்தாள். இடைவெளி நீண்டது, அவளும் நீட்டினாள். நின்றது. பிறகு அன்று முழுக்கச் சுவர் மௌனமாக இருந்தது. வாசனையும் அடங்கியது.

அதுதான் வழி என்று ஆயிற்று. தினமும் வந்ததும் அந்தப் பாட்டை வாசித்து முடிப்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு மனிதர் அவள் விரலுக்கடியில் மெல்ல மெல்ல நின்றுபோவார். அவள் முகம் கழுவிக்கொண்டு சமைக்கப் போவாள்.

ஷெட்டில் டிரைவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். "டும்மு! என்ன மந்திரம் பண்ணீங்க? நான் அடிக்கறதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியுது. இப்படித்தான் இருக்கணும் பேஸ்." நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அவள் மெல்ல விலகிக்கொண்டாள். ஏனென்றால் அந்தப் பாராட்டு இனித்தது. அது மட்டுமில்லை. முந்தைய நாள் பிற்பகல், தட்டலோடு சேர்ந்து போகும்போது, பயம் விட்டுப்போய் ஒரு கணம் பழைய சந்தோஷம் வந்திருந்தது. கம்பி முழுதாக அதிர்கிற அந்தச் சந்தோஷம். ஒரு மனிதரின் கடைசி மூச்சின்மேல் ஏறி நின்று அவள் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

கணவனுக்கு விடுமுறை வந்த நாளில் அது அவன் காதிலும் விழுந்தது. அவள் சமையலறையில் இருந்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் கூடத்தின் நடுவில் நின்றிருந்தான். கண் சுவரிலேயே இருந்தது.

டக்.

"உனக்குக் கேக்குதா?" என்றான் மெதுவாக.

"தினமும் கேக்குது."

டக்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் தட்டுவாங்க. முதல்ல கோபமா, தாறுமாறா. அப்புறம் பயந்து. கடைசியில ஒழுங்கா, விட்டு விட்டு. பலம் போயிடக்கூடாதுன்னு." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "அன்னிக்கு நீ தாளம்னு சொன்னப்ப நான் சிரிச்சேன். கதவை உடைச்சாங்கன்னு கேட்ட அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"எனக்கும் தெரியும்," என்றாள் அவள். "தண்ணி குடிச்சிட்டு டிரைவர் வந்து சொன்னப்பவே தெரியும்."

"அந்தத் தங்கச்சிகிட்ட சொல்லிடு."

"சொன்னா?"

"தெரியாது. சொல்லாம இந்தச் சுவத்தோட இருக்க முடியாது."

மிச்சச் சாமான்களை எடுத்துப்போகத் தங்கை மறுபடி வந்தாள். இவள் போய் அந்த வாசலில் நின்றாள். முதல்முறையாகச் சுவரின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. தரைக்குக் கொஞ்சம் மேலே, படுத்திருப்பவர் கை எட்டும் உயரத்தில், காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலக் குழி.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. சண்டையைச் சொன்னாள். தான் சொன்ன வார்த்தையைச் சொன்னாள். திருகைத் திருப்பியதைச் சொன்னாள். "நல்லா வாசிச்சேங்க அன்னிக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சேன். தேங்க்ஸ்னு சொன்னேன்."

தங்கை ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள் இவள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு எனக்குப் போன் வந்துச்சு," என்றாள் தங்கை. "அண்ணன் நம்பர். கடையில ஒரே கூட்டம். எடுத்தேன், பேச்சே இல்லை. அடியில டும் டும்னு ஒரு சத்தம் மட்டும். அழகா இருந்துச்சுங்க. எங்கயோ கச்சேரிக்குப் போயிருக்கான், தெரியாம கை பட்டிருக்குன்னு நெனச்சேன். பொழச்சுப் போறான், ஒருநாளாவது சந்தோஷமா இருக்கட்டும்னு வச்சுட்டேன்."

இருவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிடுங்க," என்றாள் அவள்.

"நீங்க யார்கிட்ட கேக்கறீங்கன்னே எனக்குத் தெரியலை," என்றாள் தங்கை. உருட்டுக்கட்டையை ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். "நான் யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியலை."

வண்டி போயிற்று. அன்று பிற்பகல் அவள் சுவருக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். வெயில் தரையில் நகர்ந்து போனது. டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. சுவரைத் தொட்டாள். வெறும் சுவர், வெறும் குளிர்ச்சி.

கிடாரைக் கொண்டுபோய் ஷெட்டில், பழைய மூலையிலேயே சாய்த்துவிட்டாள். "கொஞ்ச நாள் ஆகட்டும்," என்று மட்டும் டிரைவரிடம் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. விரல் நுனியின் தடித்த தோல் உரிந்து, அடியில் குழந்தைத்தோல் மாதிரி ஒன்று வந்தது. பேக்கரிக்காரர் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. குழிக்குக் காரை பூசினார்கள். அவர்கள் வீட்டு டீவி சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அதைக் கேட்க அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மாதங்கள் கழித்து, ஒரு பிற்பகலில் போன் வந்தது.

"நான்தான், பேக்கரிக்காரரோட தங்கச்சி." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "நீங்க இப்ப வாசிக்கறீங்களா?"

"இல்லைங்க. நான் கிடாரைத் தொட்டே ரொம்ப நாளாச்சு."

"இப்ப, இந்த நிமிஷம்?"

"துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேங்க. என்ன ஆச்சு?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு, "நான் மூணாவது மாடியில இருக்கேன். கடைசி வீடு. என் படுக்கையறைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது. வெறும் ஆகாசம். இதைக் கேளுங்க."

போனைச் சுவரில் வைக்கும் உரசல் கேட்டது.

அவள் கண்ணை மூடி, போனைக் காதோடு அழுத்தினாள். வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி, குரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

தட்டல் இல்லை.

தடித்த கம்பி ஒன்றின் அதிர்வு. மிக மெல்ல, செங்கல்லுக்குள்ளிருந்து.

தன் வாசிப்புதான், அந்தப் பழைய பாட்டுதான் என்று முதலில் நினைத்தாள். இல்லை. இது வேறு விரல். இன்னும் தோல் தடிக்காத விரல். கம்பியை எங்கே அழுத்துவதென்று தெரியாமல் வழுக்கியது. கரகரத்தது. பெரிய கை, மாவு பிசைகிற அழுத்தத்தில் அழுத்தி, சத்தத்தை நெரித்தது. தப்பு வந்த இடத்தில் நின்றது. கொஞ்சம் பொறுத்தது.

மறுபடி முதலிலிருந்து.

அதே இடத்தில் அதே தப்பு. நின்றது. மறுபடி முதலிலிருந்து.

"எப்ப நிக்கும் இது?" என்று தூரத்திலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தில், இந்தமுறை அந்த அடி சரியாக விழுந்தது.

ஒரு கணம் மௌனம்.

பிறகு, கொஞ்சம் தைரியமாக, இரண்டாவது அடி தொடங்கியது.